சுக்குக் குவியலில் விழுந்த பாபு

இன்று வைட்டிலாவில் யாரோ சுக்கு மூட்டையோடு பஸ்ஸில் ஏறினார்கள். அந்த வாசனையில் தனியாகச் சிரித்துவிட்டேன்.

எண்பதுகளில் மட்டாஞ்சேரியில் எங்கள் வீட்டுக்கு எதிரே இருந்த சுக்குக் கிடங்கின் மாடியில் ஆண்பிள்ளைகளுக்குக் கராத்தே வகுப்பு நடந்தது. சுவரில் கறுப்பும் வெள்ளையும் ஒன்றையொன்று தழுவிய வட்டம் இருக்கும். எதிராளி கடினமானால் நீ இளகு, அவன் இளகினால் நீ கடினமாகு என்பார் மாஸ்டர். துணி காயப்போடும் சாக்கில் அக்காவும் நானும் மொட்டைமாடியிலிருந்து கேட்போம்.

அப்போது பாபு என்ற பையன் தினமும் பள்ளி வழியில் என் குடையைப் பிடுங்குவான். நானும் இழுத்துப் பார்த்துத் தோற்பேன். இனிப் பள்ளிக்கே போகமாட்டேன் என்று அழுதேன்.

"அவன் இழுத்தா நீயும் எதுக்குடி இழுக்கறே? கூடவே போயேன்" என்றாள் அக்கா.

மறுநாள், "விடெடீ!" என்று அவன் முழு பலத்தோடு இழுத்தான். நான் குடையோடு அவன் பக்கமே ஓடினேன். பிடி நழுவி, ஒரு கிடங்கு வாசலில் வெயிலில் காய்ந்துகொண்டிருந்த சுக்குக் குவியலில் மல்லாந்து விழுந்தான்.

"எந்தா மோனே, சுக்குகாப்பி வேணோ?" அங்கே சுக்கு புடைத்துக்கொண்டிருந்த கூலிக்காரச் சேச்சிமார் சிரித்தார்கள்.

குடை என் கையில் இருந்தது.

"நாளைக்கும் வரணும், கேட்டோ!" என்றேன். அவனிடம் நான் பேசிய முதல் பேச்சு அதுதான்.