செட்டியார்பட்டிக்கு முதல் பத்திரிகை

வெள்ளிக்கிழமை விடியற்காலை ஐந்து மணிக்குக் கோயம்புத்தூரில் காரைக் கிளப்பினேன். பின்சீட்டில் கிரகப்பிரவேசப் பத்திரிகைகள் ஒரு அட்டைப்பெட்டி நிறைய, ஒரு எவர்சில்வர் தட்டு, வெற்றிலை பாக்கு, குங்குமம், வாழைப்பழம். முன்சீட்டில் தண்ணீர் பாட்டில் மட்டும். ராஜபாளையம் முந்நூறு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. இந்த வழியில் பலமுறை போயிருக்கிறேன். அத்தனை முறையும் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து என் கணவர் ஓட்டுவதைக் குறை சொல்லிக்கொண்டே போனவள் நான். இந்த முறை குறை சொல்ல ஆள் இல்லாமல் பல்லடம் வரை வாய் நமநமவென்று இருந்தது.

அவர் ராணுவத்தில் இருக்கிறார், இப்போது அஸ்ஸாமில். எங்கள் வீட்டுக்கு இடம் வாங்கும்போதும் தளம் போடும்போதும் லீவில் வந்தார். மற்றபடி கொத்தனாரோடு மல்லுக்கட்டியது, சுவருக்குத் தண்ணீர் காட்டியது, அளவு தப்பாக வந்த ஜன்னலை அதே வண்டியில் ஏற்றித் திருப்பி அனுப்பியது எல்லாம் நான். ஆஸ்பத்திரி லேபில் வேலை பார்த்துக்கொண்டே செய்தேன். அந்த வீட்டைப் பற்றி எனக்குக் கர்வம் உண்டு. அதை மறைத்து அடக்கமாக எழுத எனக்கு வராது.

கிளம்புவதற்கு முந்தின நாள் போனில் அவர் ஒன்றுதான் சொன்னார். "எங்க ஆளுகளுக்கு நேர்ல போய் வச்சிரு. போன்ல சொன்னா வரமாட்டாக. அக்கா வந்து பால் காய்ச்சணும், பூங்கொடி. அக்கா காய்ச்சாம நான் அந்த வீட்டுக்குள்ள கால் வைக்க மாட்டேன்."

அக்கா என்றால் பேச்சியம்மாள். நான் மதினி என்று கூப்பிடுவேன். தாயில்லாப் பிள்ளையாக இருந்த தம்பியைக் குளிப்பாட்டி, பள்ளிக்கூடம் அனுப்பி, ராணுவத்துக்கு ரயில் ஏற்றி விட்டதுவரை அவர்தான். புது வீட்டில் கூடப்பிறந்தவள் பால் காய்ச்சுவது அந்தக் குடும்பத்தில் கட்டாயம். அந்தக் கூடப்பிறந்தவள் செட்டியார்பட்டியில் இருக்கிறார். ராஜபாளையம் தாண்டித் தெற்கே போகவேண்டும்.

தாராபுரம், ஒட்டன்சத்திரம், திண்டுக்கல் தாண்டி மதுரை வட்டச் சாலையில் ஏறியபோது நன்றாக வெயில் வந்துவிட்டது. திருமங்கலத்தில் காபி குடித்தேன், பதினைந்து ரூபாய், கொதிக்கக் கொதிக்க. அங்கிருந்து சாலை தென்மேற்கே திரும்புகிறது. டி.கல்லுப்பட்டி போனதும் வலது பக்கம் மலை எட்டிப் பார்க்கும். அதற்குப் பிறகு ராஜபாளையம் வரை கூடவே வரும். மலையைப் பார்த்ததும் ஊர் வந்துவிட்டது என்று என் கணவர் பாட்டை நிறுத்திவிட்டு ஜன்னலைத் திறப்பார். அவர் இல்லாவிட்டால் என்ன என்று நானும் ஜன்னலைத் திறந்தேன்.

என் திட்டம் சுலபமானது. வடக்கிலிருந்து வருகிறேன். முதலில் கிருஷ்ணன்கோவிலில் வலது பக்கம் திரும்பி, வத்திராயிருப்பு வழியாகக் கான்சாபுரத்தில் என் கணவரின் சித்தப்பா வீடு. திரும்பி வந்து ஸ்ரீவில்லிபுத்தூர் அத்தை வீடு. அங்கிருந்து பன்னிரண்டு கிலோமீட்டரில் ராஜபாளையம், கடைசியில் செட்டியார்பட்டி. ஒரு சொட்டு பெட்ரோல் வீணாகாது. எங்கள் கொங்குப் பக்கத்தில் முதல் பத்திரிகை குலசாமிக்கு, அடுத்தது தாய்மாமனுக்கு. அந்த இரண்டையும் வைத்துவிட்டுத்தான் கிளம்பினேன். மரியாதை வரிசை அத்தோடு முடிந்தது, மிச்சம் எல்லாம் மேப் வரிசை என்று நினைத்துக்கொண்டேன்.

கான்சாபுரம் போய்ச் சேர்ந்தபோது பதினொரு மணி. சாலையின் இரண்டு பக்கமும் தென்னந்தோப்பு, இடையிடையே நெல்வயல், முகத்துக்கு நேரே பிளவக்கல் அணைப்பக்கத்து மலை. சித்தப்பா போலீஸில் ஏட்டாக இருந்து ஓய்வு பெற்றவர். நான் இறங்கியதும் என்னை விட்டுவிட்டுக் காரை ஒரு சுற்றுச் சுற்றி டயரைத் தட்டிப் பார்த்தார்.

"ஒத்தையிலயா ஓட்டிட்டு வந்த?"

"ஆமாங்க மாமா."

"எங்கயும் இடிக்கலையே?"

"இல்லீங்க."

நம்பாமல் பம்பரை இன்னொரு தடவை பார்த்துவிட்டு உள்ளே கூட்டிப்போனார். பத்திரிகைத் தட்டை இரண்டு கையாலும் வாங்கி, சாமி படத்துக்கு முன்னால் வைத்தார். பிறகு, "செட்டியார்பட்டிக்கு வச்சாச்சுல்ல?" என்று கேட்டார். "அங்கதானுங்க போயிட்டு இருக்கேன்" என்றேன். அவர் தட்டை ஒரு தடவை, என்னை ஒரு தடவை பார்த்தார். "சரி, சாப்பிட்டுட்டுப் போ" என்றார். அந்தப் பார்வையை நான் கவனித்திருக்க வேண்டும். வத்தக்குழம்பைத்தான் கவனித்தேன்.

மதியம் ஸ்ரீவில்லிபுத்தூர். என் கணவரின் அத்தை கோவிலுக்குப் பக்கத்துத் தெருவில் இருக்கிறார். மாடியில் துணி காயப்போடப் போனாலே ராஜகோபுரம் முழுசாகத் தெரியும். ஒவ்வொரு முறையும் என்னை மாடிக்குக் கூட்டிப்போய், "கவர்மெண்டு முத்திரையில இருக்கது எங்க கோபுரம்தான், தெரியும்ல" என்று சொல்வார். இந்த முறையும் சொன்னார். நானும் முதல்முறை கேட்பதுபோல் கேட்டேன். பத்திரிகையை வாங்கிக்கொண்டு அவரும் அதே கேள்வியைக் கேட்டார்.

"பேச்சிக்கு வச்சுட்டுத்தான வார?"

"இனிமேத்தான் போறேனுங்க."

"ஏ ஆத்தா" என்றார், அவ்வளவுதான். நான் தெருமுனைக் கடையில் மதினிக்கு அரைக் கிலோ பால்கோவா வாங்கும்போது அத்தை வீட்டிலிருந்து செட்டியார்பட்டிக்குப் போன் போய்விட்டது. அது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. பால்கோவா இருநூறு ரூபாய், இன்னும் சூடு ஆறவில்லை.

ராஜபாளையம் பழைய பஸ் நிலையத்தருகே மில் பஸ்களுக்கு நடுவில் மாட்டி, அங்குலம் அங்குலமாக நகர்ந்து வெளியே வந்தேன். செட்டியார்பட்டிக்குள் நுழைந்தபோது மாலை ஐந்து. மதினி வீட்டுப் பின்கட்டில் நாலு விசைத்தறி இருக்கின்றன. ஆஸ்பத்திரிக்குப் போகும் பேண்டேஜ் துணி நெய்கிறார். நான் லேபில் தினம் பார்க்கும் துணி இவர் வீட்டிலிருந்து போனதாகக்கூட இருக்கும். தறி ஓடும்போது காது கேட்காது. அதனால் வாசலில் யார் தலை தெரிந்தாலும், தண்ணீர்கேன் போடுகிறவராக இருந்தாலும், மதினி தறியை நிறுத்திவிட்டுத்தான் பேசுவார். அதுதான் அந்த வீட்டு மரியாதை.

அன்று நான் வாசலில் நின்றேன். மதினி நிமிர்ந்து பார்த்தார். தறி நிற்கவில்லை.

"மதினி" என்று கத்தினேன். அவர் அறுந்த நூலை முடிந்துகொண்டிருந்தார். தட்டைக் கையில் ஏந்தியபடி தறிக்குப் பக்கத்தில் போய் நின்றேன்.

"எல்லாருக்கும் வச்சாச்சா?" சத்தத்துக்கு மேல் கேட்டார்.

"வச்சாச்சுங்க. உங்களுக்குத்தான் பாக்கி."

"அப்ப நான் பாக்கியா?"

எனக்கு அப்போதுதான் உறைத்தது. "மதினி, நான் வடக்க இருந்து வாரேன். உங்க ஊர் கடைசில இருக்குதுங்க. வழில இருக்கற வீட்டைத் தாண்டிட்டு எப்படி வர்றது?"

"தாண்டித்தான் வரணும். ரோடா ஒனக்குச் சொந்தம்? நானா?"

 எனக்குக் கோபம் வந்தது. பன்னிரண்டு மணி நேரம் ஒரு வீட்டுக்காக வண்டி ஓட்டியும் நெளிந்தும் குனிந்தும் வந்திருக்கிறேன். செங்கல் செங்கலாக நான் எழுப்பிய வீடு, இந்த ஒரு வரிசைத் தப்புக்காகக் கதவு திறக்காமல் கிடக்கவேண்டுமா? தட்டைக் கீழே வைத்துவிட்டுப் போய்விடலாமா என்றுகூட நினைத்தேன். வைத்துவிட்டுப் போனால் அவர் வரமாட்டார். மதினி வராவிட்டால் என் கணவர் வாசலிலேயே நிற்பார். அதை நினைத்ததும் கோபத்தோடு பயமும் சேர்ந்துகொண்டது.

"சரிங்க மதினி" என்றேன். "நான் இப்பவே ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் கான்சாபுரத்துக்கும் திரும்பிப் போறேன். வச்ச பத்திரிகையை எல்லாம் திருப்பி வாங்கிட்டு வந்துடறேன். உங்களுக்கு வச்சுட்டு அப்புறம் மறுபடி வைக்கிறேன். அப்ப நீங்கதான முதல்ல?"

விளையாட்டாகச் சொல்லவில்லை. கார் சாவி கையில்தான் இருந்தது. மதினி என் முகத்தைப் பார்த்தார். பிறகு கை நீட்டிச் சுவிட்சை அணைத்தார். ஒவ்வொரு தறியாக நான்கும் நின்றன.

"ஏட்டி, கிறுக்கா பிடிச்சிருக்கு ஒனக்கு? வச்ச பத்திரிகைய எவளாவது திருப்பி வாங்குவாளா? விசேஷம் நின்னு போச்சுன்னு ஊர் பூராம் பேசுமே."

"வேற எனக்கு வழி தெரியலீங்க."

"தெரியாதுன்னா கேக்கணும். காலையிலயே எனக்கு ஒரு போனு போட்டிருந்தா நான் சொல்லியிருக்க மாட்டேனா?" குரல் இறங்கிவிட்டது. "ஒத்தையில வந்திருக்க. பத்திரிகை வைக்க ஒத்தையில போவாகளா? ஒருத்தர் தட்டப் பிடிக்கணும், ஒருத்தர் பேசணும். என் தம்பி ஊர்ல இல்லைன்னா நாந்தான ஒங்கூட வரணும்?"

அது எனக்குத் தோன்றவே இல்லை. மதினி கோபப்பட்டது இரண்டாவது மூன்றாவது என்ற எண்ணுக்கு இல்லை. கூட வந்து தட்டுப் பிடிக்க வேண்டியவரை விருந்தாளிபோல் கடைசியில் வந்து அழைத்ததற்குத்தான். எனக்குக் கண் கலங்கிவிட்டது. மதினி அதைப் பார்க்காததுபோல், "பால்கோவாவா அது? கொண்டா" என்றார்.

சனிக்கிழமை காலை அவர் குளித்து, அரக்குப் பட்டு உடுத்தி, கிழக்கு பார்த்து நாற்காலியில் உட்கார்ந்தார். நான் முறைப்படி தட்டு நீட்டினேன். முறைப்படி எழுந்து வாங்கினார். "வைச்சாச்சு. இனி மத்தவுகளுக்கு வைக்கக் கிளம்பு" என்றார். வாங்கியவரே முன்சீட்டில் ஏறிக்கொண்டார்.

பழைய வெற்றிலை வாடிவிட்டது என்று ராஜபாளையம் கடைத்தெருவில் வண்டியை நிறுத்தச் சொன்னார். பழக்கடைக்காரம்மா, அந்த ஊர் வழக்கப்படி, அவரோடு தெலுங்கிலும் என்னோடு தமிழிலும் பேசினார். "யாரிது?" என்று என்னைக் காட்டிக் கேட்டார். "எந்தம்பி பொஞ்சாதி. கோயம்புத்தூர்ல இருந்து ஒத்தை ஆளா கார் ஓட்டி வந்திருக்கா" என்றார் மதினி. இரண்டு பழம் கூட விழுந்தது. பெட்ரோல் பங்கில் அதையே சொன்னார். சாலை வேலை நடக்கும் இடத்தில் வண்டியை நிறுத்திய ஆளிடம், அவர் கேட்காமலேயே சொன்னார். நேற்று அதே சாலையில் யாரும் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

ஸ்ரீவில்லிபுத்தூரில் அத்தை வாசலுக்கே ஓடி வந்தார். "வா பூங்கொடி, எம்புட்டு நாளாச்சு ஒன்னப் பாத்து" என்றார். நேற்று என்னை மாடிக்குக் கூட்டிப்போனவர். அவர் முகத்தில் ஒரு சுருக்கம்கூட அசையவில்லை. மதினி தட்டைப் பிடித்தார், நான் அழைத்தேன். அத்தை புதிதாக வாங்கி, புதிதாகச் சந்தோஷப்பட்டார். எனக்குச் சிரிப்பை அடக்கமுடியவில்லை. மதினி என் முழங்கையில் இடித்தார்.

கான்சாபுரத்தில் இன்னும் மோசம். சாமி படத்துக்கு முன்னால் இருந்த நேற்றைய பத்திரிகையைக் காணவில்லை. சித்தப்பா காரைச் சுற்றிவந்து டயரைத் தட்டினார். "ஒத்தையிலயா ஓட்டிட்டு வந்த?" என்று மறுபடியும் கேட்டார்.

"நேத்து யாரும் வந்தாகளா, சித்தப்பா?" என்றார் மதினி.

"ஒரு குருவி வரல. முப்பது வருசம் ஏட்டா இருந்தவன் சொல்லுதேன், யாரும் வரல."

இவ்வளவு மரியாதையாகப் பொய் சொல்லும் மனிதர்களுக்கு வாழ்க்கைப்பட்டிருக்கிறேன் என்று அன்று எனக்குப் பெருமையாக இருந்தது. எங்கள் பக்கத்தில் இப்படி ஒரு தப்பு நடந்தால் முகத்துக்கு நேரே கேட்டுவிட்டு, சாப்பாடும் போட்டு, பத்து வருடம் கழித்தும் ஞாபகப்படுத்துவோம். இங்கே ஒருநாள் கோபித்துக்கொண்டு, மறுநாள் எல்லோருமாகச் சேர்ந்து அந்த நாளையே எடுத்துவிட்டார்கள். வெள்ளிக்கிழமை நான் இந்த ஊர்ப் பக்கம் வரவில்லை. யாரைக் கேட்டாலும் அப்படித்தான் சொல்வார்கள்.

மதியம் கிருஷ்ணன்கோவில் முக்கில் வண்டியை நிறுத்தினேன். நான் வடக்கே, மதினி தெற்கே. செட்டியார்பட்டி வரை கொண்டுபோய் விடுகிறேன் என்று எவ்வளவோ சொல்லிப்பார்த்தேன். "பொழுதோட வீடு போய்ச் சேரு. எனக்குப் பஸ் இருக்கு" என்று இறங்கிவிட்டார். ராஜபாளையம் பஸ் தூரத்தில் வந்தது.

"வீடு எப்படி வந்திருக்கு? கூடமெல்லாம் பெருசா?" பஸ்ஸைப் பார்த்தபடி கேட்டார்.

"பெருசுங்க. ஜன்னல் ஒண்ணு தப்பா வந்துச்சு, திருப்பி அனுப்பிட்டேன்."

"அவன் சொன்னான். எல்லாஞ் சொன்னான்." பஸ் நின்றது. படியில் ஒரு கால் வைத்துவிட்டுத் திரும்பினார். "முந்துன நாளே வந்துருதேன். பால் நாந்தான் காய்ச்சுவேன். எங்க வீட்டுல முத டம்ளர் ஆம்பளைக்குத்தான் குடுக்குறது. இந்தத் தடவ முத டம்ளர் ஒனக்கு. அவன் ஒனக்கு அடுத்துக் குடிக்கட்டும்."

நான் பதில் சொல்வதற்குள் பஸ் கிளம்பிவிட்டது. அன்று இரவு என் கணவர் போன் செய்து, அக்கா வருகிறாளா என்று கேட்டார். வருகிறார் என்று மட்டும் சொன்னேன். டம்ளர் வரிசையை அவர் அங்கே வந்து நேரில் தெரிந்துகொள்ளட்டும்.