மருந்தைத் தின்னும் சிக்கு

மகளின் மடிக்கணினியில் ஒரு வண்ணச் சிக்கு மெல்லச் சுழன்றுகொண்டிருந்தது. பென்சிலினை வெட்டிப் போடும் பற்றீரியா நொதியமாம். எந்தப் பக்கமும் திருப்பிப் பார்க்கலாமாம். எனக்குப் பாடம் எடுக்கிறாள்! அதை நான் கயிற்றிலேயே செய்தவளாக்கும் என்றேன். நம்பவில்லை. நீங்களாவது நம்புங்கள்.

மீள்குடியேற்றக் காலம். கீரி என்கிற கடற்கரையூரில் நான் விஞ்ஞான ரீச்சர். ஆய்வுகூடம் என்று பூட்டிய ஒரு அலுமாரி, அதற்கும் திறப்பு இல்லை. வாடகைக்கு இருந்தது மரியதாஸ் அண்ணை வீட்டில். தமிழ்நாட்டு அகதி முகாமிலிருந்து திரும்பி, மறுபடி கடலுக்குப் போகத் தொடங்கியிருந்தார். காலில் திருக்கை முள் ஏறிப் புண்ணாகிவிட்டது. முகாமிலிருந்து கொண்டுவந்த பென்சிலின் குளிசை ஒரு போத்தல் வைத்திருந்தார். காலை ஒன்று, மாலை ஒன்று. புண் ஆறுகிற பாடில்லை.

"ஆஸ்பத்திரிக்குப் போங்கோ அண்ணை."

"குளிசை இருக்கேக்க அங்க என்னத்துக்கு ரீச்சர்?"

வாயால் சொன்னால் கேட்கமாட்டார், கண்ணால் காட்டுவோம் என்று பெரிய கெட்டிக்காரியாக முடிவெடுத்தேன். வகுப்புக்கும் உதவும். கரையில் கிடந்த தூண்டில் கயிற்றைப் புத்தகத்தில் இருந்த அந்த நொதியப் படத்தின்படி மடித்து, மடிப்புக்கு மடிப்பு நூலால் கட்டினேன். மருந்து மாட்டி வெட்டுப்படும் குழி நடுவில் வரவேண்டும். வரவே மாட்டேன் என்றது. அவிழ்த்து அவிழ்த்துக் கட்டியதில் இரண்டு கிழமை, பதினாலு நாள் போனது. ஒருவழியாக முடித்து, மேசையில் வைத்துவிட்டுப் பள்ளிக்கூடம் போனேன்.

திரும்பி வந்தால், அழகாகச் சுருட்டிய கயிறு! கால் வலியோடு வீட்டில் இருந்த கடல்காரர். சிக்குப்பட்ட கயிற்றைக் கண்டால் கை சும்மா இருக்குமா?

"சிக்கெடுத்து வைச்சிருக்கிறன் ரீச்சர். நல்ல கயிறு."

எனக்கு அழுகை வந்துவிட்டது. "ஐயோ அண்ணை, அதுதான் உங்கட மருந்தைத் தின்னுற சாமான்!"

கத்திக் கத்தியே எல்லாம் சொன்னேன்: கிருமிக்குள் இப்படியொரு மடிப்பு இருக்கலாம், அதில் ஒரு குழி, அதற்குள் போன குளிசை முறிந்துபோகும். கவனமாகக் கேட்டார்.

"அந்தக் குழிக்குத் தப்புற மருந்து இருக்கோ?"

"ஓம், ஆஸ்பத்திரியில இருக்கு."

"இதை முதலே சொல்லியிருக்கலாமே, பிள்ளை. வாங்கோ, போவம்."

ஒரு கிழமை முந்தி வந்திருக்கலாம் என்றார் டொக்டர். இரண்டு விரல்களை எடுத்தார்கள். அண்ணை திரும்பவும் கடலுக்குப் போனார். "ரீச்சராலதான் கால் மிஞ்சினது" என்று ஊர் முழுக்கச் சொன்னார். நான் வெட்கங்கெட்டுச் சிரித்துக்கொண்டு நின்றேன்.

குழி சரியாக வரட்டும் என்று காத்திருந்த அந்த இரண்டு கிழமையைப் பற்றி அவரிடம் ஒருநாளும் வாய் திறக்கவில்லை. போன வருடம் அண்ணை போய்விட்டார். கீரி மணலில் மூன்று விரல் பதிந்த அந்தக் கால்தடம் இப்போது இல்லை. நான் மன்னிப்புக் கேட்க ஆளும் இல்லை.