பன்னிரண்டு பலகைகளும் ஓர் ஆயுத பூஜையும்

ஜோதிலட்சுமிக்கு உட்காரத் தெரியாது. செங்கல்பட்டில் எங்கள் பெயின்ட் கம்பெனி சோதனைக்கூடத்தில் அவளுக்கென்று ஒரு நாற்காலி உண்டு. அதில் அவள் கைப்பைதான் உட்காரும். பஸ்ஸில் சீட் காலியாக இருந்தாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். நாற்பத்தொரு வயதில் இத்தனை பரபரப்பு ஆகாது என்றால், "அப்ப நீ உக்காந்துக்கோ" என்பாள்.

அவளை அப்படி ஆட்டிவைத்தது ஒரு வெள்ளைப் பூச்சு. கண்ணுக்கே தெரியாத டைட்டானியம் டை ஆக்சைடு நானோ துகள்கள் கலந்தது. வெயில் பட்டால் அந்தத் துகள்கள் மேலே படிந்த கறையையும் பாசியையும் சிதைத்துவிடும். மிச்சத்தை மழை கழுவிவிடும். சுவர் தன்னைத் தானே சுத்தம் செய்துகொள்ளும் என்றபோது முதலாளி ராமானுஜம் சிரித்தார். தீபாவளிக்குள் வித்தியாசம் தெரியாவிட்டால் திட்டத்தை மூடிவிடுவேன், நீ பழையபடி டிஸ்டெம்பர் பிரிவுக்குப் போ என்று சொல்லிவிட்டார். மூன்று வருட உழைப்பு. அன்றிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

நெம்மேலியில் கடலைப் பார்த்த எங்கள் கிடங்கின் மொட்டை மாடியில் பன்னிரண்டு சிமென்ட் பலகைகளைச் சாய்த்து வைத்தாள். ஆறில் புதுப் பூச்சு, ஆறில் சாதா பெயின்ட். எது எது என்று பின்பக்கம் எழுதி, அதன்மேல் டேப் ஒட்டி, இடம் மாற்றிக் கலைத்தும் விட்டாள். "என் கண்ணையே நான் நம்ப மாட்டேன்" என்பாள். வெள்ளிதோறும் போய்ப் படம் எடுப்பாள். ஐந்து மாதம் உப்பும் தூசியும் படிந்தன. வித்தியாசம் இருப்பதுபோலவும் இருந்தது, இல்லாததுபோலவும் இருந்தது.

ஆயுத பூஜைக்கு மறுநாள் நாங்கள் இருவரும் போனோம். பலகைகள் பளிச்சென்று நின்றன. கிடங்கைப் பெருக்கும் வேண்டா என்ற அம்மாள் எல்லாவற்றையும் சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவி, ஒவ்வொன்றுக்கும் மஞ்சள் தடவிக் குங்குமம் வைத்திருந்தாள்.

"இன்னா வேண்டா இது?" என்று கேட்டாள் ஜோதிலட்சுமி.

"வாராவாரம் வந்து பாத்துகினு போற சாமானாச்சேம்மா. பூஜையன்னிக்கு அழுக்கா வுட்ருவனா?"

யாரைத் திட்டுவது? ஐந்து மாதம் ஒரு பக்கெட் தண்ணீரில் போனது. மாடியில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்து அழுதாள். நான் மஞ்சளைத் துடைக்கத் துணியை எடுத்ததும், "தொடாத! அதுவும் கறைதானே, இருக்கட்டும்" என்று கத்தினாள்.

அடுத்த மூன்று நாளும் நல்ல வெயில். நான்காம் நாள் காலையிலேயே என்னை இழுத்துக்கொண்டு கிளம்பினாள். கிடங்கு வாசலிலேயே வேண்டா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நின்றாள்.

"புடிக்கலன்னா சொல்லியிருக்கலாம்ல? வெச்ச குங்குமத்த யாராச்சும் அழிப்பாங்களா? அதுவும் ஆறுல மட்டும். மீதி ஆறு இன்னா பாவம் பண்ணுச்சு?"

ஜோதிலட்சுமி படியேறி ஓடினாள். ஆறு பலகைகளில் மஞ்சள் கொஞ்சம் மங்கியிருந்தாலும் சிவப்பு அப்படியே இருந்தது. ஆறு வெள்ளையாக இருந்தன. வெள்ளையானவற்றை ஒவ்வொன்றாகத் திருப்பி டேப்பை உரித்தாள். புதுப் பூச்சு. புதுப் பூச்சு. ஐந்தும் அதேதான். கடைசி டேப்பை நான்தான் உரித்துக் காட்டினேன். அதுவும் புதுப் பூச்சு.

"நான் தொடவே இல்ல வேண்டா" என்று பின்னாலேயே ஏறி வந்திருந்தவளிடம் சொன்னவள், வெறும் தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். நெடுநேரம் எழுந்திருக்கவில்லை.