ஆள் மாற்றும் வழி

ரேகா வேலையை விட்டுவிட்டதாகத் திருவொற்றியூரில் சொல்கிறார்கள். தவறு. அவர் விடவில்லை, நீக்கப்பட்டார். அங்குள்ள கன்டெய்னர் யார்டின் பதிவுப் பிரிவில் அவருக்கு அடுத்த மேசை என்னுடையது.

காசிமேட்டில் மீன் ஏலம் விடும் கன்னியம்மாவின் மகள் அவர். குரலும் அம்மாவுடையதுதான். லாரிகளுக்கு வாசல் திறக்கும் மென்பொருளைப் பார்த்துக்கொள்வது வேலை. எந்த விவரம் போனால் என்ன பதில் வர வேண்டும் என்று விளக்கும் ஏபிஐ வரையறைக் கோப்பைத் தலைமை அலுவலகம் அனுப்பும். ரேகா அதை நேராக கிளவுடில் ஏற்ற மாட்டார். வாசலுக்கு வரும் விவரத்தை வாங்கிப் பதில் சொல்லும் கேட்வே மென்பொருளைப் போலவே ஒரு போலி கேட்வேயைத் தன் கணினியில் ஓடவிட்டு, பைத்தான் நிரல் மூலம் முதலில் அதில் ஏற்றிப் பார்ப்பார். மேலாளர் பாரிக்கு அது பிடிக்காது.

"பொம்மை வாசல் கட்டி வெளையாடத்தான் சம்பளமா?" என்பார்.

"நெச வாசல்ல லாரி மாட்டிக்கினா நீ வந்து தள்ளுவியா சார்?" என்பார் ரேகா.

போன மாதம் வந்த கோப்பும் போலி கேட்வேயில் பிழையின்றி ஏறியது. ஆனால் பதிந்த ஓட்டுநருக்குப் பதில் வேறு ஓட்டுநரை ஏற்கும் வழியைக் காணோம். எண்ணூர் சாலையில் வரிசை நகராமல் நிற்கும்போது ஓட்டுநர் தண்டபாணி இறங்கி வீட்டுக்குப் போவார். அவருக்குப் பதில் மஜீது ஏறி உட்காருவார். பெயர் பதிந்தவரே வாசலுக்கு வருவது அபூர்வம். அதற்காக ரேகா முன்பு சேர்த்த வழி அது. புதிய கோப்பில் அது இல்லை. பழையதை அழித்து ஏற்றினால் போய்விடும். பழையதோடு இணைத்து ஏற்றினால் நிற்கும்.

"அழிச்சே ஏத்து. ஆள் மாத்தறது ரூல்ஸ்ல இல்ல," என்றார் பாரி.

"ரூல்ஸ்ல இல்ல சார், ரோட்ல கீது."

"இணைச்சேன்னா உன் கார்டு என் மேசைக்கு வந்துடணும்."

ரேகா பழையதோடு இணைத்தே கிளவுடில் ஏற்றினார். ஒளித்துச் செய்யவில்லை, பாரியின் கண்ணெதிரே செய்தார். அப்போது வரிசையின் முன்னால் நின்றது தண்டபாணியின் லாரி, உள்ளே மஜீது. வாசல் திறந்தது. பாரி கையை நீட்டினார். ரேகா கழுத்திலிருந்த அடையாள அட்டையைக் கழற்றி மேசைமேல் எறிந்தார்.

வெளியே போகவும் அதே அட்டை வேண்டும். வாசலில் நின்று ஏலக் குரலில் கூவினார்.

"யோவ் பாரி! நீதான வாங்கிக்கின? வந்து தொற!"

வரிசையில் நின்ற ஓட்டுநர்கள் ஹாரன் அடித்தார்கள். பாரி இறங்கி வந்து தன் அட்டையை வைத்துத் திறந்துவிட்டார். ரேகா திரும்பிப் பார்க்கவில்லை.

அந்த வழியைப் பாரி இன்றுவரை அழிக்கவில்லை. ரேகாவைக் கூப்பிடவும் இல்லை.