பிரிட்ஜ் இல்லாத வீட்டில் ஒரு பெட்டி ஐஸ்கிரீம்

நேற்று பச்சை மிளகாய் எடுக்கப் போனவள், பிரிட்ஜின் மேல் கதவைத் திறந்துவிட்டேன். உள்ளே மீன் பொட்டலத்துக்கும் பட்டாணிக்கும் நடுவில் ஒரு ஐஸ்கிரீம் டப்பா. மூடியைத் தூக்கினால் பாதிக்கு மேல் அப்படியே இருக்கிறது. மேலே வெள்ளையாகப் பனி பூத்து, தாடி வளர்ந்த மாதிரி.

"இது எப்ப வாங்கினது?" என்று மருமகளைக் கேட்டேன்.

"ஓணத்துக்கும்மா. அது அங்க கெடக்கட்டும், கெட்டுப் போவாது."

ஒரு விரலால் வழித்து நாக்கில் வைத்தேன். ஒரு விரலுக்கு டாக்டர் ஒன்றும் சொல்ல மாட்டார். இனிப்புக்கு முன்னால் மீன் மணம்தான் வந்தது.

ஓணத்துக்கு வாங்கிய ஐஸ்கிரீம் கிறிஸ்துமஸ் வரை கிடக்கிறது என்பது எனக்கு இன்னும் பழகவில்லை. எங்கள் வீட்டுக்கு வந்த முதல் ஐஸ்கிரீம் அரை மணி நேரம்கூட இருக்கவில்லை. உட்காருங்கள், சொல்கிறேன்.

அப்போது ஆரியசாலைக் கடைத்தெருவுக்குப் பின்னால் ஒரு லைன் வீட்டில் இருந்தோம். ஒரே ஓட்டுக் கூரை, வரிசையாக வாசல்கள், எல்லாருக்கும் ஒரு குழாய். எங்கள் வீட்டுக்காரர் நாகர்கோவில் பக்கத்திலிருந்து வந்து அரிசி மண்டியில் மூட்டை இறக்கினார். எனக்குத் தம்பானூரில் ஒரு லாட்ஜில் அறை பெருக்கி, மெத்தை விரிப்பு மாற்றுகிற வேலை. நான் இழுத்துச் செருகிய விரிப்பில் ஒரு சுருக்கம் இருக்காது. இதை மேனேஜர் சொன்னார், நானாகச் சொல்லிக்கொள்ளவில்லை.

வேலை முடிந்து திரும்பும் வழியில் புதிதாக ஒரு சூப்பர் மார்க்கெட் வந்தது. கண்ணாடிக் கதவு. யாராவது திறந்தால் குளிர் வந்து காலில் படும். வெயில் காலத்தில் அதற்காகவே நடையைக் குறைப்பேன். கதவை ஒட்டி ஐஸ்கிரீம் பெட்டி. அதன் பக்கத்தில் ஒட்டியிருந்த படத்தில், இளஞ்சிவப்பாக மூன்று உருண்டைகள், மேலே ஒரு பழம். அந்த நிறத்தில் ஒரு சேலை பார்த்திருந்தால்கூட இவ்வளவு ஆசை வந்திருக்காது. உருண்டையைப் பார்ப்பேன், வாசலில் நிற்கும் தொப்பிக்காரர் என்னைப் பார்ப்பார், நான் பேருந்தைப் பார்க்கிற மாதிரி திரும்பிக்கொள்வேன்.

லாட்ஜில் ஓணத்துக்குப் போனஸ் கொடுத்த அன்று உள்ளே போய்விட்டேன். மரக்கரண்டி வைத்த சின்னக் கப்பும் இருந்தது. வருஷம் முழுக்க ஆசைப்பட்டுவிட்டு சின்னக் கப்போடு வெளியே வந்தால் தொப்பிக்காரர் என்ன நினைப்பார்? குடும்பத்துக்கு என்று போட்டிருந்த பெரிய பெட்டியை எடுத்தேன்.

பில் போடுகிற பெண் கேட்டாள்: "சேச்சி, ஒருபாடு தூரம் போணோ? அலிஞ்சு போகும்." ரொம்ப தூரம் போகணுமா, உருகிவிடுமே என்கிறாள்.

"வீட்டில் பிரிட்ஜ் உண்டு மோளே" என்றேன். வீட்டில் இருந்தது ஒரு மண்பானை. அவள் செய்தித்தாளில் சுற்றிக் கொடுத்தாள்.

ஓணச் சமயத்து ஆரியசாலையை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். சந்து நடுவில் லாரி, அதை ஒட்டிக் கைவண்டி, கைவண்டிக்காரருக்கும் டிரைவருக்கும் இரண்டு பாஷையில் சண்டை. நடுவில் நான், இடுப்பில் பச்சைப் பிள்ளை மாதிரி பெட்டியை அணைத்துக்கொண்டு. அது என் சேலையில் வியர்த்தது.

வீட்டில் பிள்ளைகள் இரண்டு பேருக்கும் ஆளுக்கொரு டம்ளர் கொடுத்தேன். நானும் தின்றேன். அந்த ருசியை எழுதத் தெரியவில்லை. தொண்டைக்குள் இறங்குகிற இடமெல்லாம் தெரிந்தது. பாதிக்கு மேல் மிச்சம், வீட்டுக்காரர் வர இருட்டிவிடும். பானைத் தண்ணீர் குளிர்ச்சிதானே என்று பெட்டியை அதற்குள் இறக்கி வைத்தேன். என் புத்தி. சற்று நேரத்தில் தண்ணீரே ரோஸ் நிறமானது.

எடுத்து வெளியே வைத்துக் கூப்பிட்டேன். லைன் முழுக்க டம்ளரோடு வந்தது. வராதவள் சரோஜா ஒருத்திதான்.

அடுத்த வாசல் அவளுடையது. என்னை மயினி, மயினி என்று சுற்றி வந்தவள். சித்திரையில் குழாயடியில் குடம் முந்திய சண்டையில், "லாட்ஜு லாட்ஜா படுக்கை விரிக்கிறவளுக்கு வாயப் பாரு" என்று சொல்லிவிட்டாள். எல்லார் முன்னாலும். அன்றிலிருந்து பேச்சில்லை. அவளாக வந்து பேசாமல் நான் பேசுவதில்லை என்று இருந்தேன். அவள் பிள்ளைகளும் எங்கள் வாசலுக்கு வருவதில்லை. அன்றைக்கும் தங்கள் படியிலேயே நின்று, மற்ற பிள்ளைகள் நக்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தன.

நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட அது முறுக்கா? என் வைராக்கியம் இன்னும் பத்து வருஷம் தாங்கும், இது தாங்காது. பெரிய டம்ளரில் மீதியை ஊற்றிக்கொண்டு அவள் வாசலில் போய் நின்றேன்.

"உருகுது" என்றேன்.

அவள் முறத்திலிருந்து தலையைத் தூக்காமல், "லாட்ஜில மிஞ்சினதா?" என்றாள்.

திரும்பியிருப்பேன். பிள்ளைகள் டம்ளரையே பார்த்துக்கொண்டு நின்றன.

"கடையில வாங்கினது. பில்லு இருக்கு, பாக்கணுமா?"

"பில்ல வெச்சு நக்கவா?" என்று எழுந்தாள். "உள்ள வாங்க, முழங்கை வர ஒழுகுது."

பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டுக் கடைசி வாய் அவள் குடித்தாள். முகத்தைச் சுளித்தாள். "பல்லு கூசுது மயினி" என்றாள்.

மன்னிப்பு என்று அவளும் கேட்கவில்லை, நானும் கேட்கச் சொல்லவில்லை. மறுநாள் குழாயடியில் என் குடத்தை அவள்தான் முதலில் வைத்தாள்.

லைனில் முதல் பிரிட்ஜ் சரோஜா வீட்டுக்குத்தான் வந்தது. என் தோசை மாவுக்கும் அதில் ஒரு தட்டு ஒதுக்கினாள். பிறகு நாங்களும் வாங்கினோம். மாவு என் வீட்டிலேயே இருந்தது, ஐஸ்கிரீமும் இருந்தது, அவள் வீட்டுக்குப் போகிற வேலை குறைந்தது. லைன் வீட்டை இடித்துவிட்டார்கள், இப்போது அங்கே வண்டி நிறுத்துகிறார்கள். சரோஜா வள்ளியூரில் மகன் வீட்டில் இருந்து, போன வருஷம் போய்ச் சேர்ந்தாள்.

நேற்று அந்த டப்பாவை எடுத்து மேசையில் வைத்தேன். ஓரத்தில் கொஞ்சம் இளகியது. எதிர் பிளாட்டில் யாரோ இருக்கிறார்கள். வாசலில் இரண்டு சின்னச் செருப்பு கிடக்கும், பெயர் தெரியாது. அலமாரியிலிருந்து டம்ளர் எடுத்தேன்.

"ஐயோ, உருகிரும்மா" என்று மருமகள் வந்து, மூடியை அழுத்திப் போட்டு உள்ளே வைத்துவிட்டாள்.