தண்டு கொடுத்து மீன் வாங்கியவன்

வெட்கத்தை விட்டுச் சொல்லிவிடுகிறேன். என் ஆயுளை நீட்டிக்க என் மனைவி நறுக்கி, வதக்கி, டப்பாவில் அடைத்துக் கொடுத்த காய்கறியை ஏறக்குறைய ஓராண்டுக் காலம் இன்னொருவரின் ஆயுளுக்கு நன்கொடையாக அளித்துவந்தேன். பதிலுக்கு வறுத்த மீன் பெற்றுக்கொண்டேன். நாலு புத்தகம் புரட்டியவன். உணவும் ஆயுளும் பற்றி அலுவலகத்தில் பிரசங்கமே செய்பவன். பிரசங்கம் செய்தபோதும் வாயில் மீன்தான் இருந்தது.

வீடு அந்தமானில், பாம்பூஃப்ளாட்டில். அலுவலகம் தண்ணீருக்கு அந்தப் பக்கம், போர்ட் பிளேரில். காலையில் ஃபெர்ரி ஏறிச் சாத்தாமில் இறங்க வேண்டும். அதே ஃபெர்ரியில், அதே அலுவலகத்துக்கு, ஒரு வங்காளி நண்பரும் வருவார். நான் அவரை ‘தாதா’ என்பேன். அவர் என்னை ‘அண்ணா’ என்பார். இரண்டுக்கும் ஒரே அர்த்தம்தான். யார் உண்மையில் மூத்தவர் என்ற கேள்வியை நாகரிகம் கருதி இருவருமே எழுப்பியதில்லை.

எனக்குச் சர்க்கரையும் கொழுப்பும் ஒருசேர எல்லை தாண்டியபோது டாக்டர் சொன்னார்: “நார்ச்சத்து, காய், பழம். இதெல்லாம் நிறையச் சாப்பிடறவங்க பொதுவா கூடுதல் காலம் இருக்காங்க. கேரண்டி கிடையாது. ஆனா வாய்ப்பு நல்லா இருக்கு.”

என் காதில் விழுந்தது ‘கேரண்டி கிடையாது’ மட்டும். மனைவியின் காதில் விழுந்தது மற்றதெல்லாம். காரணம் உண்டு. அவளுடைய அண்ணன் ஐம்பதைத் தொடாமலே மாரடைப்பில் போனவர். செய்தி வந்து, டிக்கெட் கிடைத்து, இவள் மெயின்லேண்ட் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. முகம்கூடப் பார்க்கவில்லை.

அதனால் அவள் விளையாடவில்லை. கப்பல் தாமதமானால் எங்கள் கடைகளில் காரட்டும் பீன்ஸும் தலைமறைவாகிவிடும். அவள் அசரவே இல்லை. கொல்லையில் வாழையும் பப்பாளியும் முருங்கையும் இருந்தன. வாழைத்தண்டுப் பொரியல், முருங்கைக் கீரை, ஒரு ஓரமாகப் பப்பாளித் துண்டுகள் என்று என் டப்பா ஒரு சிறு தோட்டமாக மாறியது.

முதல் வாரமே தாதா மதியம் தன் டப்பாவைத் திறந்து பெருமூச்சு விட்டார். உள்ளே வறுத்த சுர்மை. வஞ்சிரம் என்றால் உங்களுக்குப் புரியும்.

“ரோஜ் மச்சி, அண்ணா. தினம் தினம் மீனு. போர் ஹோ கயா.”

மீன் அலுத்துப்போன வங்காளியை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன். விதியே மனமிரங்கி அனுப்பிய ஆள் என்று நினைத்தேன். டப்பாக்கள் இடம் மாறின. மாலையில் காலி டப்பாவைக் கொண்டுபோய்க் கொடுக்கும்போது மனைவியின் முகத்தில் வரும் திருப்தியைப் பார்த்து, நானும் ஏதோ சாதித்தவன்போல் தலையாட்டுவேன்.

ஏறக்குறைய ஒரு வருஷம் கழித்து எடுத்த ரத்தப் பரிசோதனையில் எல்லாம் இன்னும் ஏறியிருந்தது. தாதாவோ அதற்குள் பேண்ட்டை இடுப்பில் பிடித்துத் தைக்கத் தையல்காரரிடம் போய்வந்திருந்தார்.

மனைவி திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. அடுத்த வாரம் ஒரு மாலை கொல்லைக்குப் போனால், கையில் கத்தியோடு வாழையின் அடியில் நின்று முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

“இவ்வளவு சாப்பிட்டும் ஏறுதுன்னா, உள்ள வேற ஏதோ இருக்குங்க. எங்கண்ணனுக்கும் இப்படித்தான், வெளிய ஒண்ணுமே தெரியல. என் தம்பிகிட்ட சொல்லிட்டேன், விசாரிச்சுட்டிருக்கான். சென்னைல பெரிய ஆஸ்பத்திரில காட்டிடலாம்.”

அதற்குமேல் எப்படி வாயை மூடிக்கொண்டிருப்பது?

“அது உள்ளே போகவே இல்லை.”

“எது?”

“தண்டு.”

“பின்ன எங்க போச்சு?”

“தாதாகிட்ட.”

டப்பா மாறிய கதை முழுவதையும் சொன்னேன். அவள் துணி துவைக்கும் கல்லில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். “அப்ப உங்களுக்கு ஒண்ணும் இல்லையா?” என்று கேட்டாள். “மீனைத் தவிர ஒன்றும் இல்லை” என்றேன். சிரித்தாள். சிரிப்பு பாதியில் அழுகையானது. அழுகை முடிந்ததும் வரவேண்டியது வந்தது.

“தம்பியை ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியா அலைய விட்டேனே, மனுஷனா நீங்க? ராத்திரியெல்லாம் தூக்கம் இல்லாம கிடந்தேன். பக்கத்துல கொறட்டை விட்டீங்களே!”



இப்போது இரண்டு டப்பா போகிறது, இரண்டிலும் காய்கறி. “ஒரு வருஷமா சாப்பிட்ட மனுஷன், திடீர்னு நிறுத்தினா பாவம் இல்லையா?” என்று தாதாவுக்கும் சேர்த்தே கட்டுகிறாள். எனக்கு விதிக்கப்பட்ட தண்டனை, ஞாயிறுதோறும் தண்டு நறுக்குவது. வட்டமாக நறுக்கி, இழை இழையாக வரும் நாரை விரலில் சுற்றி எடுக்க வேண்டும்.

“டாக்டர் நார் சாப்பிடத்தானே சொன்னார்? இதை ஏன் எடுத்துப் போடுகிறோம்?” என்று ஒருமுறை நியாயம் கேட்டேன்.

“தொண்டையில சிக்கற நார் வேற, வயித்துக்குப் போற நார் வேற. பேசாம சுத்துங்க.”

பேசாமல் சுற்றினேன். போன பரிசோதனையில் கொஞ்சம் இறங்கியிருக்கிறது. நிறைய இல்லை, கொஞ்சம். மனைவி அந்தத் தாளை இரண்டு முறை படித்துவிட்டுச் சாமி படத்துக்குக் கீழே வைத்தாள். அந்த ஞாயிறு எனக்குத் தலைகால் புரியவில்லை. விரலில் சுற்றிய நாரோடு அறிவித்தேன்:

“இப்படியே போனா தொண்ணூறு வரைக்கும் இருந்துடுவேன் போலிருக்கே.”

அவள் அடுப்பில் காயும் வாணலியைப் பார்த்தாள். என் முன்னால் கிடந்த நாலு வட்டத் துண்டுகளைப் பார்த்தாள்.

“நல்லா இருங்க. ஆனா நீங்க நறுக்கற வேகத்துக்கு, இது வெந்து தட்டுக்கு வரவே தொண்ணூறு ஆயிடும்.”