ராத்தாவின் வயது

"பாத்திமா ரிஹானா" என்று மூன்று முறை கூப்பிட்டேன். முன் வாங்கில் இருந்த பெண் அசையவில்லை. நான்காம் முறை கத்தியதும் திடுக்கிட்டு எழுந்து வந்தார். ஆஸ்பத்திரி ஆய்வுகூடத்தில் இருபத்தெட்டு வருடம் வேலை செய்தும் எனக்குப் பொறுமை கூடவில்லை.

"எத்தின தரம் கூப்பிடுறது?"

"குறை நினைக்காதீங்க மிஸ். அது என்ட ராத்தாட பேர். இன்னும் பழகல்ல."

அவருடைய உண்மையான பெயர் ரஸீனா. தொண்ணூறாம் ஆண்டு யுத்தத்தில் மன்னாரிலிருந்து வெளியேற்றப்பட்டுக் கரைத்தீவுக்கு வந்த குடும்பம். கொண்டுவந்த பையில் இருந்தது, இறந்துபோன அக்காவின் பிறப்புச் சான்றிதழ் மட்டும். அதை வைத்தே ரஸீனாவுக்கு அடையாள அட்டை எடுத்துவிட்டார்கள். அட்டையில் வயது அறுபத்தேழு. அவருக்கோ ஐம்பத்தாறு.

அவருக்கான ரிப்போர்ட் என் கையில் இருந்தது. எண்டோஸ்கோப்பியில் எடுத்த இரைப்பைத் துண்டில் கொஞ்சத்தைக் கொழும்பில் ஓர் ஆய்வுக் குழுவுக்கும் அனுப்பியிருந்தோம். வயது ஏற ஏற இரைப்பைச் சுவரின் டிஎன்ஏயில் மெதைல் என்ற இரசாயனக் குறிகள் கூடும். மரபணு மாறாது. ஆனால் குறி ஏறிய சில மரபணுக்கள் வேலையை நிறுத்திவிடும். புற்றுநோயைத் தடுக்கிற மரபணுவும் அதில் அகப்படலாம். வயிற்றில் பைலோரி கிருமி இருந்தால் இது இன்னும் வேகமாக நடக்கும். ரஸீனாவின் முடிவில் "வயதுக்கேற்ற அளவு" என்று எழுதியிருந்தது.

யாருடைய வயதுக்கு? சரியான வயதை எழுதித் திருப்பி அனுப்பலாமா என்று ஆய்வுகூடப் பொறுப்பாளரிடம் போய்க் கேட்டேன்.

"ஐடியில இருக்கிறதுதான் வயசு. வம்ப விலைக்கு வாங்காதீங்க மிஸ்."

"ஐடிக்கு வயித்துவலி இல்ல சேர். அந்த மனுசிக்குத்தான்."

"நான் கையெழுத்து வைக்க மாட்டன்."

"நான் வைக்கிறன்."

ரஸீனா பயந்தார். வீட்டுக் காணியின் உறுதிப் பத்திரமும் அந்தப் பெயரில்தான். "அட்டையப் பறிச்சிருவாங்களா மிஸ்?"

"அட்டையில நான் கை வைக்கல்ல. நீங்க ஓம் எண்டாத்தான் எழுதுவன்."

"ஓம், எழுதுங்க."

"நோயாளி சொல்லும் வயது 56" என்று எழுதி, கீழே என் பெயரை முழுதாக எழுதிக் கையெழுத்து வைத்துக் கொழும்புக்கு அனுப்பினேன்.

அடுத்த கிழமை கொழும்பிலிருந்து பதில் வந்தது. ஐம்பத்தாறுக்கு இது மிக அதிகம், திரும்பவும் கமரா போட்டுப் பாருங்கள் என்றார்கள். பார்த்தார்கள். இரைப்பையின் கீழ்ப்பகுதியில் சின்னதாகப் புற்று, ஆரம்பக் கட்டம். வெட்டி எடுத்தாயிற்று.

நான் மார்தட்டிக்கொண்டு திரிந்தேன். பிறகு ஒரு நாள் கிளினிக்குக்கு வந்த ரஸீனா கேட்டார்:

"மிஸ், ராத்தா உசிரோட இருந்து, இதே வயித்தோட வந்திருந்தா, வயசுக்குச் சரி எண்டு வீட்ட அனுப்பியிருப்பீங்க, என்ன?"

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. அனுப்பித்தான் இருப்பேன்.

அதன் பிறகு ஓய்வு பெறும்வரை, "வயதுக்கேற்ற அளவு" என்று வந்த எந்த ரிப்போர்ட்டையும் நான் பேசாமல் கொடுத்ததில்லை. வலி இன்னும் இருக்கிறதா என்று கேட்பேன். இருந்தால், எழுபதோ எண்பதோ, டொக்டரிடம் திருப்பி அனுப்புவேன். பொறுப்பாளர் கத்துவார். கத்தட்டும் என்று விட்டேன். இப்போது நான் இருந்த கதிரையில் இருக்கிற பிள்ளைகளே, நீங்களும் கேளுங்கள், கத்துகிறவரைக் கத்த விடுங்கள்.